பீடத்தடியில் கிடந்த கதிர்க்கட்டு

நம் கோயில் பெண்கள் சங்கத்தில் மாதம் ஒருமுறை நீங்கள் கேட்கிறீர்கள், நானும் மாதம் ஒருமுறை பொய் சொல்கிறேன். "இந்த மாசம் வேத வாசிப்புக்கு நீங்க நில்லுங்களேன்" என்பீர்கள். "கண்ணு சரியில்லம்மா" என்பேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இரண்டிலும் புரை எடுத்தாயிற்று. தூரத்தில் வரும் பேருந்தின் பலகையை உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான்தான் படித்துச் சொல்கிறேன். அதைக் கவனித்துவிட்டும் நீங்கள் ஒன்றும் கேட்காமல் இருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. நாம் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஆளுக்கு ஒன்றை மூடி வைத்திருப்பவர்கள்தான். என்னுடையதை எழுதியே கொடுத்துவிடுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஊர், திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். பேருந்து நிற்காமல் புழுதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் இடம். ஆட்சி மாறியிருந்தது. பெரிய தெருச் சுவர்களில் கருப்பு சிவப்பு, எங்கள் தெருச் சுவர்களில் வெறும் சிவப்பு. கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களுக்கு நடந்ததை உங்களில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்த அறுவடை அது. எங்கள் தெருவில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியிருந்தார்கள். குழந்தைகளுக்கு அதுதான் பேச்சின் இயல்பான அளவு என்று நானும் நினைத்திருந்தேன்.

தெருக்கோடியில் எங்கள் வேதக்கோயில். மண்சுவர், மேலே கீற்று, உள்ளே பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்தான். வாசல் வயலைப் பார்த்து இருக்கும். வாசலில் நின்றால் பண்ணை நிலம் முழுக்கத் தெரியும், அதற்கப்பால் வாய்க்கால், மதகு, அதற்கும் அப்பால் ஆற்றுப் படுகையின் மூங்கில். ஜனங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து உட்காருவார்கள். இந்த அமைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

பாதிரி ஐயர் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், திருவிருந்துக்கு. மற்ற நாளுக்கெல்லாம் ஜெபம் நடத்த உபதேசியார். மன்னார்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருக்கும். வெயிலில் வந்து இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார், வேர்வையில் அது வழுக்கும் என்று. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பத்தடிக்கு மேல் எல்லாம் ஒரே பச்சை.

அவர்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த வகுப்பை ஆரம்பித்தார். அதுவரை எங்கள் ஜனங்களுக்கு வேதம் என்றால் காலையில் யாரோ வாசிப்பார்கள், இவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதில் இருக்கும் தமிழ் எங்களுக்கு எட்டாது. வடமொழிச் சொல் ஒவ்வொன்றும் ஆளுயரம். புரியாததுதான் பரிசுத்தம் என்று அம்மாகூட நம்பினாள். உபதேசியார் அதை உடைக்கப் பார்த்தார். என்னை வாசிக்கச் சொல்வார், தெருவில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய ஒரே ஆள் நான் என்பதால். வாசித்து முடித்ததும் பெரியவர்களைப் பார்த்துச் சொல்வார், "இப்ப இதை நம்ம பேச்சுல சொல்லுங்க. தப்பா இருந்தா பரவாயில்ல. சொல்லுங்க."

முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் விதைக்கிறவன் கதை வந்தது. வழியோரம் கொஞ்சம் விதை, பாறைமேல் கொஞ்சம், முள்ளுக்குள் கொஞ்சம், நல்ல நிலத்தில் கொஞ்சம் என்று ஒருவன் தெளித்துக்கொண்டே போகிறானே, அது. அம்மா பட்டென்று கேட்டாள்: "யாருங்க அந்த ஆளு? நாத்தங்கால்ல வெதை தெளிக்கத் தெரியாதவனா? நம்ம பண்ணையில இப்புடிச் சிந்திட்டுப் போனா காரியக்காரர் சும்மா விடுவாரா?" பெண்கள் பாயைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் கோயிலுக்குள் சிரிக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது.

பாறை என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள், நம் பக்கத்து மண்ணில் முழங்கை ஆழம் தோண்டினாலும் ஒரு கூழாங்கல் அகப்படாது. அடுத்த ஞாயிறு உபதேசியார் ரயில் பாதையிலிருந்து ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்து வந்தார். அதைக் கைக்குக் கை கொடுத்துத் தடவிப் பார்த்தார்கள். "இதும்மேல எப்படிங்க மொளைக்கும்?" என்று அப்பா அதைத் தன் உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கல் அப்புறம் பீடத்து ஜன்னலிலேயே இருந்தது. எங்கே போயிற்றோ.

இன்னொரு பழக்கமும் அந்த வகுப்பில் வந்தது. பேசி முடித்ததும், "சரி, இந்த வாரம் இதை எங்க செய்யப்போறீங்க?" என்பார் உபதேசியார். எழுதி வைத்துக்கொள்ள யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் ஆண்கள் துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வார்கள், பெண்கள் முந்தானையில். செய்துவிட்டால் அடுத்த ஞாயிறு வந்து, என்ன செய்தோம் என்று சொல்லி முடிச்சை அவிழ்க்க வேண்டும். செய்யாவிட்டால் முடிச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்டை வீட்டுக் கோழியைத் திருப்பிக் கொடுத்தவள் உண்டு. மாமியாருக்கு முதலில் சோறு போட்டதைப் பெரிய தியாகம்போலச் சொல்லி அவிழ்த்தவளும் உண்டு. அப்பா ஒரு வாரமும் தவறியதில்லை. என்ன செய்தார் என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லுவார், முடிச்சை அவிழ்ப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

பெரியப்பாவும் அந்த வகுப்புக்கு வருவார். அப்பாவின் அண்ணன். எங்கள் தெருவில் சங்கத்துக்கு, நம் சங்கம் இல்லை, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு, அவர்தான் தலைவர். முடிச்சுப் போட மாட்டார். வம்புக்குத்தான் வருவார். "ஐயா, அந்த ராசா விருந்து வச்சாருன்னீங்களே, அவருக்கு எத்தினி வேலி நெலம்? அறுப்புக்கு ஆளு எங்கேருந்து கொண்டாந்தாரு?" உபதேசியார் கோபிக்க மாட்டார். "தெரியாதுப்பா, எழுதல" என்பார். "அதான், முக்கியமானதெல்லாம் எழுத மாட்டாங்க" என்பார் பெரியப்பா.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவர்தான். மாடு மேய்க்க ஆள் வேண்டும் என்று பண்ணையில் கேட்டபோது அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறார். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். அவர் தலைமுடியில் விளக்கெண்ணெய் வாசனை. எழுத்தைக் கூட்டி வாசிக்க நான் படித்ததும், வேதத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் முன்னால் நின்றதும் அவரால்தான்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரில் இரண்டு கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. மிளகாய், உப்பு, நெருப்பு எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும் வரும். குழம்பு கொதிக்கும்போதே, "மீனா?" என்று அந்தப் பக்கமிருந்து பெரியப்பா குரல் வரும்.

தை பிறந்ததும் கூலித் தகராறு முற்றியது. சங்கம் முடிவு செய்தது: கேட்ட கூலிக்குப் பண்ணை ஒத்துக்கொள்ளும்வரை எந்த வயலிலும் அரிவாள் விழக்கூடாது. எந்த வயலிலும். அங்கேதான் அப்பா சிக்கினார். பண்ணையிலிருந்து அவருக்கு இரண்டு மா நிலம் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். தெருவிலேயே எங்களுக்கு மட்டும்தான். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நெல் முற்றி, கதிர் சாய்ந்து, காற்றடித்தால் மணி உதிரத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அப்பாவும் அம்மாவும் இறங்கி அறுத்தார்கள். நான் வரப்பில் நின்றிருந்தேன். பெரியப்பா வந்தார்.

"அறுக்காதடா."

"உதிருது அண்ணே."

"உதிரட்டும். ஊரே நிமிந்து நிக்குது, நீ ஒருத்தன் குனியிற."

"இது நம்ம பாடு அண்ணே. நம்ம வேர்வைதான்."

"நெலம் யாருதுடா? அவன் களத்துலதானே அடிக்கப்போற? அவன் பாத்துச் சிரிக்கிறான்டா."

அப்பா குனிந்து அடுத்த பிடியை அறுத்தார். பெரியப்பா திரும்பிப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் பெரியம்மா அந்தப் பக்கத்திலிருந்து களிமண்ணைக் குழைத்து ஓட்டையை அடைத்துவிட்டாள். அவள் விரல் தடம் எங்கள் பக்கம் பிதுங்கி நின்றது. மண் காய்ந்து வெடித்தது, ஆனால் விழவில்லை.

பிறகு பண்ணையில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். களத்தில் கைகலப்பு. பண்ணை ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பண்ணையிலிருந்து போலீசுக்கு எழுதிக்கொடுத்த பெயர்களில் முதல் பெயர் பெரியப்பாவுடையது. அன்றைக்கே அவர் தெருவில் இல்லை. மதகடியில் புங்கமரத்துக்குக் கீழே போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா தினமும் புல்லறுக்கக் கூடையோடு போனாள். அந்த வீட்டில் மாடே கிடையாது. போலீஸ்காரர்களுக்கு அது தெரியவில்லை, தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறார் என்பதை மட்டும் பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் திருட்டு மீன் சுட்டுத் தின்ற மூங்கில் புதர் படுகையில் ஒன்றுதான்.

வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. உபதேசியார் அந்த நாட்களில் பயந்து பயந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார். கூலியைப் பற்றிய கதை ஒன்று வேதத்தில் இருக்கிறதல்லவா, திராட்சைத் தோட்டத்து ஆட்கள், அதை அவர் தாண்டிப் போனார். ஜனங்கள் கேட்டும் வாசிக்க விடவில்லை. கோயிலுக்குள் தகராறு வந்துவிடும் என்று எண்ணினார். அதற்குப் பதிலாக, சமாதானத்துக்கு என்று நினைத்து, இன்னொன்றைக் கொடுத்தார். காணிக்கை வைக்கப் போகிறாய். உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று அப்போது ஞாபகம் வருகிறது. காணிக்கையைப் பீடத்துக்கு முன்னே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து வை. அந்தப் பகுதி.

"நம்ம பேச்சுல சொல்லுங்க" என்றார்.

அம்மாதான் கடைசியில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவங்க மேல நமக்குக் குறைன்னு சொல்லல. நம்ம மேல அவங்களுக்குக் குறை இருந்தா, நாமதான் போகணும்."

"நாயம் யாரு பக்கம் இருந்தாலுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எழுதலியே" என்றாள் அம்மா.

எல்லோரும் அப்பாவின் துண்டைப் பார்த்தார்கள். அப்பா முடிச்சுப் போடவில்லை. மற்றவர்கள் போட்டார்கள், ஏதேதோ சின்னச் சண்டைக்கு. அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். முடிக்கும்போது உபதேசியார் அறிவித்தார்: அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை, வாசிப்பு, முதற்பலன் கூடையைப் பற்றிய பகுதி. வேதத்தில் அந்த இடத்தில் சிவப்பு ரிப்பனை வைத்து என்னிடம் காட்டினார்.

அறுப்பின் பண்டிகை உங்களுக்குத் தெரியும். இப்போது கவரில் ரூபாய் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். அப்போது விளைந்ததைத்தான் கொண்டுவருவார்கள். பீடத்தடியில் முதலில் நெற்கதிர்க் கட்டு, அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அந்த வருஷம் யாரும் அறுக்கவில்லை. ஒருவர் பரங்கிக்காய் கொண்டுவந்தார், ஒருத்தி கோழி, ஒருத்தி முருங்கைக்காய், ஒருவர் மண் சட்டியில் உயிரோடு விரால். கதிர் இல்லை. உபதேசியார் முதல் நாளே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், "கதிர் இல்லாம அறுப்பின் பண்டிகையாப்பா? ஒரு பிடி உன் வயல்லேருந்து கொண்டாயேன்." நல்ல மனிதர். அந்த மனிதருக்கு என்ன தோன்றி அப்படிக் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தெருவே தொடாத கதிரை, தெருவையே கூட்டி வைத்த இடத்தில் கொண்டுவரச் சொன்னார். அப்பாவும் பெரியவர் சொல்கிறார் என்று கொண்டுவந்தார். ஒரு கட்டு, வைக்கோல் பிரியால் கட்டியது.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது பாயில் ஜனங்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள், தேவைக்கு அதிகமாகவே ஒதுங்கினார்கள். பெரியம்மா எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அப்பா முன்வரிசையில் கட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். வாசிப்பு முடிந்த பிறகுதான் படைக்க வேண்டும், அதுதான் முறை.

நான் எழுந்து போய் நின்றேன். வேதத்தைத் திறந்தேன். சிவப்பு ரிப்பன் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தே ரிப்பன் இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டுப் புரட்டிக்கொண்டு போனேன். போன வாரம் வாசித்த பக்கத்தில் என் வேர்வை விரல் பட்ட கறை இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அந்த ஓட்டை திறக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா அந்தப் பக்கமிருந்து "மீனா?" என்று கேட்க வேண்டும். அப்பா போன வாரம் முடிச்சுப் போடாததால் அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். இன்னொரு முறை வாசித்தால் புரியும் என்று நினைத்தேன்.

வாசித்தேன். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, உபதேசியார் சொல்லிக் கொடுத்த மாதிரி. உபதேசியார் தலையைத் தூக்கினார், ஆனால் நடுவில் நிறுத்தவில்லை. காணிக்கையை அங்கேயே விட்டுப் போ என்கிற இடம் வந்தது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு முடிச்சு போட்டார். எழுந்தார். கதிர்க்கட்டைப் பீடத்துக்கு முன்னால், தரையில், குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். திரும்பி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, வாசலைத் தாண்டிப் போனார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிப்பு நடக்கும்போது திரும்பக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். வாசலைப் பார்த்து நின்றவர்கள் நானும் உபதேசியாரும்தான். அவர் கண்ணாடி பையில் இருந்தது.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா வரப்பில் இறங்கினார். பண்டிகைக்கு வெளுத்த வேட்டி. பட்டப்பகல், அறுக்காத நெல் மஞ்சளாக நிற்கிறது, அதன் நடுவில் அந்த வெள்ளை மட்டும் நேராகப் படுகையைப் பார்த்துப் போகிறது. சுற்றிப் போகத் தெரியாதவரில்லை. முதலில் போ என்று எழுதியிருக்கிறது, அதனால் நேராகப் போனார். மதகடியில் பண்ணைக் காரியக்காரர் கையை நீட்டி எதையோ காட்டினார். போலீஸ்காரர்கள் எழுந்தார்கள். ஒருவர் பெல்ட்டை இறுக்கினார். அப்பாவுக்குப் பின்னால், கொஞ்சம் தூரம் விட்டு, அவர்களும் வரப்பில் இறங்கினார்கள்.

அப்பா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கோயிலிலிருந்து கத்தினால் மதகு வரைக்கும் கேட்கும், தினமும் கத்திப் பழகிய தூரம்தான். ஜனங்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று காத்திருந்தார்கள். நான் அடுத்த வசனத்தை வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். முடிக்கும்போது சொல்ல வேண்டியதையும் சொல்லி வேதத்தை மூடினேன்.

பெரியப்பாவை மூங்கில் புதரிலிருந்து இழுத்து வந்து ஜீப்பில் ஏற்றியதை ஏலத்துக்கு வெளியே வந்து நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் வாயில் ரத்தம். அப்பா ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். வேட்டியெல்லாம் சேறு. பெரியம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்று, கையில் மண்ணை அள்ளி, தூற்றாமல், மெதுவாக அவர் காலடியில் போட்டாள். "ரெண்டு மாவுக்கா?" என்று கேட்டாள். "ரெண்டு மா நெலத்துக்கா கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்த?"

அப்பா சொல்லிப் பார்த்தார். "வசனத்துக்குத்தான் போனேன்" என்றார். யார் நம்புவார்கள்? எனக்கே அந்த வார்த்தை அப்போது பொய்போலக் கேட்டது. உபதேசியார் நம்பியிருப்பார். ஆனால் அவர் வேதத்தைத் திறந்து, ரிப்பன் இருந்த இடத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மூடிவிட்டார். பிறகு கூட்டத்தில், "நான்தான் அந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னேன்" என்றார். ஒரு பெண்குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருப்பார். அதற்குப் பலன், அவரும் பண்ணையோடு சேர்ந்துகொண்டார் என்று தெரு பேசியது. போன ஞாயிறு வேறு பகுதியை அறிவித்துவிட்டு எதற்கு மாற்றினார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அத்தோடு வகுப்பு நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. கை மட்டும் கொஞ்ச நாள் மரத்தே இருந்தது. சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது.

கதிர்க்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு அதை யாரும் எடுக்கவில்லை. விட்டுவிட்டுப் போனதுதானே, படைக்கவில்லையே, அதனால் அது கோயிலுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. பெருக்குகிறவள் அதைச் சுற்றிப் பெருக்கினாள். எலி வந்து மணியைத் தின்றது. ஒரு மழைக்குக் கீற்று ஒழுகி, மிச்ச மணி தரையிலேயே முளைத்தது. பீடத்தடியில் ஒரு சாண் பச்சை. வெயில் வந்ததும் காய்ந்தது.

அப்பாவின் துண்டில் அந்த முடிச்சு இருந்தது. அம்மா அதை அவிழ்க்காமலே துவைப்பாள். கொடியில் துண்டு முழுவதும் காய்ந்த பிறகும் முடிச்சு மட்டும் ஈரமாக இருக்கும்.

பண்ணையிலிருந்து காரியக்காரர் ஒருநாள் வந்தார். "ஐயா ரொம்ப சந்தோஷப்பட்டாங்கப்பா. அந்த ரெண்டு மாவோட இன்னும் ஒரு மா சேத்து நீயே வச்சுக்கச் சொல்லிட்டாங்க" என்றார். அதைத் தெரு கேட்கும்படி சொன்னார். அப்பா கும்பிட்டார், அந்த நிலத்தில் பிறகு இறங்கவே இல்லை. அடுத்த ஆடியில் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றி மன்னார்குடிக்கு வந்தோம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். வீட்டைக் காலி செய்யும்போது நான் சுவரில் அடைத்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ இருந்தார்கள். தட்டவில்லை.

பெரியப்பா சில மாதங்களில் வெளியே வந்தார், ஒரு கால் சரியில்லாமல். அப்பா வருஷத்துக்கு ஒருமுறை, அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், ஊருக்குப் போவார். தெருக்கோடியில் நின்று ஆள் விடுவார். பெரியப்பா வரமாட்டார். அப்பா வெயில் சாயும்வரை நின்றுவிட்டுப் பேருந்து ஏறுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப் போனார். பெரியப்பா செத்தபோதும் போனார். பாடையைத் தொட விடவில்லை.

மன்னார்குடிக் கோயிலில் அப்பா கடைசி வரிசை. காணிக்கைப் பை வரும். வாங்குவார், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். ஒரு ஞாயிறுகூட அதில் கையை விட்டதில்லை. கஞ்சன் என்று பெயர். என் கல்யாணத்துக்கு ஐயரே மாப்பிள்ளை வீட்டாரிடம் விளையாட்டாக அப்படிச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் காணிக்கை இன்னும் அந்த மண்தரையில் கிடக்கிறது, அண்ணனோடு ஒப்புரவாகி முதலில் அதை வைத்தாக வேண்டும், அதனால்தான் பையைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரிய நாற்பது வயது ஆயிற்று. அதைப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பும் தேவையில்லை. பார்த்திருந்தால் போதும், நான் பார்க்கவில்லை.

கடைசியில் அவர் என் வீட்டில்தான் இருந்தார். விரல் நடுங்கும், நகம் வெட்டிக்கொள்ள முடியாது. ஞாயிறு மத்தியானத்தில் நான் வெட்டிவிடுவேன். ஒருநாள் வலது கை முடித்து இடது கையில் இரண்டு விரல் வெட்டியபோது சொல்லிவிட்டேன். எதற்கு அன்றைக்கு என்று தெரியாது.

"அப்பா, அன்னைக்கு ரிப்பன் வச்ச எடத்த நான் வாசிக்கல. நானா மாத்தினேன்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார். "முந்துன வாரமே உபதேசியார் சொல்லிட்டாரே, கூடை வசனம்னு. நீ வாசிக்க ஆரம்பிச்ச ஒடனே அது இல்லன்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏம்ப்பா எழுந்து போனீங்க?"

"ஊருக்கு வாசிக்கச் சொன்னா எம் பொண்ணு எனக்குன்னு எடுத்து வாசிக்குதேன்னு போனேன்."

இன்னும் மூன்று விரல் பாக்கி இருந்தது. வெட்டி முடித்தேன்.